சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பி.எஃப். கணக்கில் பணம் இல்லை

திருப்பூரில் கம்பெனி மாறப் போகிறவர்கள், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டை நம்ப வேண்டாம். அதை அச்சடிப்பது கம்பெனிக்காரர்கள்தான்.

நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். விசாரணை நடப்பதால் பெயரை எழுதவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது, சீட்டில் மாதாமாதம் 1,800 ரூபாய் பி.எஃப். பிடித்தமும் இருந்தது. வேறு இடத்தில் வேலை கிடைத்து, அங்கே என் யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) சரிபார்த்தபோது, கடைசி ஆண்டின் பெரும்பகுதிக்குப் பணமே கட்டப்படவில்லை என்று தெரிந்தது.

பி.எஃப். கணக்கிடும் சம்பளத்துக்கான 15,000 ரூபாய் உச்சவரம்பில் நம்மிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,800. நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆக, கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் நமக்கு நஷ்டம் 3,600. ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவை வேண்டும். நிறுவனம் நிறுவனமாக மாறுகிறவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

பழைய கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் முதலில் சர்வர் கோளாறு என்றார்கள். பிறகு எல்லாவற்றையும் கன்சல்டன்ட் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். கடைசியாக, மிகவும் அக்கறையாக ஒரு யோசனை: "வேலையை விட்ட தேதியை நீங்களே ஆன்லைனில் போட்டுக்கொள்ளுங்கள் மேடம், புதுக் கம்பெனியில் சிக்கல் வராது."

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். விலகிய தேதியை உறுப்பினரே பதிவு செய்யலாம் என்பது உண்மை. கடைசியாகப் பணம் கட்டப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தால் போதும். ஆனால் அப்படிப் பதிவு செய்யும் தேதி, கடைசியாகப் பணம் வந்த மாதத்துக்குள்தான் இருக்க முடியும். போட்டிருந்தால், அதன் பிறகு நான் அங்கே வேலை பார்க்கவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தது போல ஆகியிருக்கும். மறுத்துவிட்டேன்.

மறுநாளே தொனி மாறியது. பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றால்தான் ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) என்றார்கள். வேலை மாறுகிறவரின் குடுமி அந்த ஒரு தாளில் இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கட்டிங் பிரிவிலிருந்து விலகிய அண்ணன் ஒருவரிடம் "எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கடைசிச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கண்டு அவர் பயந்துபோயிருந்தார். பி.எஃப். கட்டுவது சட்டக் கடமை. அந்தக் கையெழுத்தால் அது ரத்தாகாது. கல்யாணமாகி ஊர் மாறும் செக்கிங் பெண்களும், பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பிவிடும் தையல்காரர்களும் கேட்டு வர மாட்டார்கள் என்பதுதான் இவர்கள் போடும் கணக்கு. பெரும்பாலும் அது பலிக்கிறது என்பதுதான் எரிச்சல்.

பாஸ்புக்கை மத்திய அரசின் உமாங் செயலியிலேயே பார்க்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், யு.ஏ.என்.னில் பதிவான எண்ணிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக வந்த தொகை குறுஞ்செய்தியாக வரும். சம்பளச் சீட்டுகளையும், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரத்தையும் வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகியதும் அலுவலக மின்னஞ்சலை மூடிவிடுவார்கள்.

தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றவியல் நம்பிக்கை மோசடி. தாமதத்துக்கு நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும். இதை எழுத்தில் குறிப்பிட்ட பிறகு சில மாதங்களுக்கான பணம் என் கணக்கில் வந்தது. மீதிக்காக, நிறுவனம் கட்ட வேண்டிய பாக்கியை பி.எஃப். அதிகாரி தீர்மானிக்கும் 7ஏ பிரிவின் கீழ் விசாரணை நடக்கிறது. புது நிறுவனம் சம்பளச் சீட்டையும் வங்கி விவரத்தையும் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை, புகாரையும் நான் திரும்பப் பெறவில்லை. மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்ட அளவில் பி.எஃப். குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது. அடுத்த முகாமுக்குக் கட்டிங் அண்ணனும் சீட்டுகளோடு வருகிறார். அதே நிறுவனத்தில் வேலை பார்த்து விலகியவர்கள், யாரென்று ஊகிக்க முடிந்தால், நீங்களும் வாருங்கள்.