கவுண்டரில் "இன்சுலின் இல்லை" என்றால் உடனே வெளியே ஓடாதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் இன்சுலின் எடுக்கிறவர்கள் இதை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியின் பெயரும் கடையின் பெயரும் எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், விசாரணை இன்னும் முடியவில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். அம்மாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருசமாகச் சீனி வருத்தம், கடைசி நாலு வருசமாகக் காலையும் மாலையும் இன்சுலின். மாதம் ஒருதரம் கிளினிக். கிளினிக் நாளில் இருட்டோடு எழும்பி, பிளாஸ்கில் ஐஸ் போட்டு, கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நிற்போம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு பயணம் எவ்வளவோ லேசு. அதற்கு முதல், வாவியைக் கடக்கிற பாதை (மிதவை) வரும்வரை துறையில் வெயிலில் நின்ற கதையை அம்மா இப்போதும் சொல்லுவா.

அன்றைக்கு டொக்டர் பார்த்து முடிய பதினொன்றரை. மருந்து கவுண்டரில் எங்கள் நம்பர் வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. குளிசைகள் எல்லாம் தந்தார்கள். "இன்சுலின் இல்ல அம்மா, வெளியில எடுங்க" என்றார் உள்ளே இருந்தவர். எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். சரி என்று விலகிவிட்டோம்.

நாலு அடி வைக்கவில்லை, ஒரு பொடியன் பக்கத்தில் வந்தான். கழுத்தில் நீலப் பட்டி, அதில் ஒரு அட்டை. அட்டை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, நான் அதைப் பார்த்தும் கேட்கவில்லை. "தூர இருந்து வாறீங்க போல அம்மா. இந்தத் துண்டைக் கொண்டுபோய்க் குடுங்க, குறைச்சுத் தருவாங்க" என்று ஒரு சின்னத் துண்டை அம்மாவின் கையில் வைத்தான். அவ்வளவு மரியாதையாகப் பேசினான். கவுண்டருக்குப் பக்கத்திலேயே நின்றதால் ஆஸ்பத்திரி ஆள் என்றுதான் நினைத்தோம்.

கடையில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. ஆனால் இன்சுலினை அதற்குள்ளிருந்து எடுக்கவில்லை. மேசைக்குக் கீழே ஒரு மட்டைப்பெட்டிக்குள் கைவிட்டு இரண்டு குப்பி எடுத்துத் தந்தார்கள். அம்மா குப்பியைக் கையில் வாங்கியதுமே, "மனே, இது குளிரா இல்லையே" என்றா. "இப்பதான் வந்து இறங்கின மருந்து" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன், மெஷின் பழுதாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா சொன்ன அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தாகம் தொடங்கியது. இரவில் ஐந்தாறு தரம் எழும்பிப் போனா. வெக்கைக்காலம்தானே என்று விட்டுவிட்டோம். எட்டாம் நாள் இரவு சத்தி, ஆளுக்கு அறிவு தெளிவில்லை. குத்திப் பார்த்தால் மெஷினில் சீனி 438. 1990 இலவச அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். அந்த அம்புலன்ஸ் வந்த வேகத்தையும், போகும் வழியெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்தத் தம்பியையும் நான் மறக்க மாட்டேன். ஒரு சதம் வாங்கவில்லை. ஐந்து நாள் வார்டில் இருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டா, கடவுள் புண்ணியம்.

வார்டில் ஒரு டொக்டர் பாவித்த குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எனக்கும் காட்டினார். கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைப் பொட்டுகள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். அம்மா போடுகிற கலவை இன்சுலின் அப்படி உருட்டினால் பால்போல ஒரே சீராகக் கலங்க வேண்டும். இதில் சின்னச் சின்னக் கட்டிகள் மிதந்தன. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் இப்படித்தான் ஆகும், ஊசி போட்டும் போடாத கணக்குத்தான் என்றார். இரண்டாவது குப்பி உடைக்காமலே இருந்தது. அதிலும் அதே பொட்டுகள்.

கடைக்குப் போனேன். "எங்கட கடையில வாங்கினதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்கள். என் கையில் பில் இல்லை.

அப்புறம் வேறு ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை செய்கிற மச்சாள்தான் வழி சொன்னா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. மூன்று கேள்விதான்: அன்றைய திகதியில் இன்சுலின் கையிருப்பு எவ்வளவு? ஏன் கொடுக்கவில்லை? கவுண்டரடியில் அட்டையோடு நிற்கிறவர் ஆஸ்பத்திரி ஊழியரா? 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது.

அன்றைக்குப் பிரதான களஞ்சியத்தில் 64 குப்பி இருந்திருக்கிறது. கவுண்டரில் இருந்தது முதல்நாள் பின்னேரம் முடிந்துவிட்டதாம். களஞ்சியப் பொறுப்பாளர் லீவு, திறப்பைப் பொறுப்பெடுக்க யாரும் நியமிக்கப்படவில்லை. அட்டைக்காரன் ஆஸ்பத்திரி ஊழியரே இல்லை.

அந்தக் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். கவுண்டரிலிருந்து களஞ்சியம் ஐம்பது அடிகூட வராது. நாட்டில் மருந்து இல்லாமல் எங்கள் அம்மா விழவில்லை. திறப்பு வைத்திருந்தவர் லீவில் போனதற்கு விழுந்தா.

2022இல் நாடே முடங்கியபோது உண்மையாகவே மருந்து இல்லை. அப்போது "வெளியில எடுங்க" என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இன்றைக்கும் இல்லை என்றால் இல்லை என்று திரும்பி வருகிறோம். இதில் இன்னொரு கேடும் இருக்கிறது, மச்சாள் விளங்கப்படுத்தினா. அடுத்த முறைக்கு எவ்வளவு மருந்து கேட்பது என்பதைப் பெரும்பாலும் இதுவரை கொடுத்த கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். வெறுங்கையோடு திரும்பினவர்களை யாரும் எழுதி வைக்காவிட்டால், அந்த மாதம் தேவை குறைந்துவிட்டதுபோலத்தான் கணக்கில் தெரியும். குறைத்துக் கேட்பார்கள், குறைத்தே வரும், பிறகு உண்மையாகவே தட்டுப்பாடு வரும். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரையும் ஒரு கொப்பியில் எழுதுவதற்குப் புது இயந்திரமும் வேண்டாம், கோடிக்கணக்கில் காசும் வேண்டாம். லீவில் போகிறவர் திறப்பை யாரிடம் கொடுத்தார் என்று கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். 1990க்கு அடித்தால் அழைத்த நேரமும் வந்த நேரமும் பதிவாகிறது, அதனால் அங்கே பிந்தினால் தெரியவரும். நம் மருந்து கவுண்டரில் மட்டும் ஏன் அது முடியாது? முறைப்பாட்டில் இந்த இரண்டையும்தான் கேட்டிருக்கிறோம். யாரையும் வேலையிலிருந்து தூக்கச் சொல்லவில்லை.

ஆகவே கவுண்டரில் இல்லை என்றால், அதைக் கிளினிக் கொப்பியிலேயே திகதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், தயவாகக் கேளுங்கள். நாங்கள் அடுத்தமுறை கேட்டபோது அந்த மிஸ் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மருந்தோடு வந்தா. எழுத மாட்டோம் என்றால் பொறுப்பு டொக்டரிடம் போங்கள். வெளியில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து உங்கள் கண்முன்னே எடுத்துத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். குப்பியை வெளிச்சத்தில் பாருங்கள், காலாவதித் திகதியைப் பாருங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் அவர்கள் பற்றுச்சீட்டுத் தந்தே ஆகவேண்டும். துண்டு நீட்டுகிறவனிடம் அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

முறைப்பாடு எங்கே என்று பலர் கேட்கிறார்கள். மாகாணத்துக்குக் கீழுள்ள ஆஸ்பத்திரி என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். கிழக்கில் மூன்று மாவட்டம் இருந்தாலும் சுகாதாரப் பிராந்தியம் நாலு. அம்பாறையின் கரையோரத்து ஆட்கள் கல்முனைப் பணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும், அம்பாறைக்கு அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டுதான் வரும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைபோல மத்திய அமைச்சுக்குக் கீழுள்ளவை வேறு. அங்கே அந்தந்த வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு. கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்காமல் வராதீர்கள்.

கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் கவுண்டரடியில் இப்படித் துண்டு வாங்கி, வெளியில் இன்சுலின் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், இப்போதே எழும்பிப் போய்க் குப்பியை லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொட்டோ கட்டியோ தெரிந்தால் அதைப் போடாதீர்கள், ஊசியை நிறுத்திவிட்டு வீட்டிலும் இருக்காதீர்கள். குப்பியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குப்பியை எறிந்துவிட வேண்டாம்.