பூல் லீக் பிளேஆஃப்: எட்டு அணிக்கும் வாய்ப்பா, முதல் நான்குக்கு மட்டுமா?

எட்டு அணிகள், அணிக்கு ஐந்து பேர், எய்ட் பால் (கியூ கோலால் மேசையில் ஆடும் பூலில் ஒரு வகை), ஒவ்வொரு தனி ஆட்டமும் மூன்று ரேக் ரேஸ், அதாவது மூன்று ரேக்கை (ஒரு ரேக் என்பது ஒரு சுற்று ஆட்டம்) முதலில் வெல்பவருக்கே ஆட்டம். அமெச்சூர் லீக் பலவும் ஏறக்குறைய இந்த அளவில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழையும் இரண்டு முறை சந்தித்தால் 14 வாரம். அதற்குப் பிறகு பிளேஆஃபில் கோப்பையை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் சண்டை வரும். நாக் அவுட், டபுள் எலிமினேஷன், குரூப் பிரித்து ஆடுவது, முதல் நான்கு அணிகளுக்கு மட்டும் பேஜ் முறை (விளக்கம் கீழே) ஆகியவை கையில் உள்ள வழிகள். என் சாய்வு பேஜ் முறை பக்கம். ஏன் என்பதற்கு ஒரே ஒரு பெரிய காரணமும் சில சின்னக் காரணங்களும் உண்டு.

குரூப் முறையை முதலில் ஒதுக்கிவிடலாம். நான்கு நான்காகப் பிரித்தால் 12 மோதல் (மோதல் என்பது அணிக்கு அணி ஆடுவது), மேலே அரையிறுதி, இறுதி என மொத்தம் 15. லீக்கில் 14 வாரம் ஆடிய அதே ஆட்டத்தைத்தான் இங்கே மறுபடி ஆடுகிறோம். அதோடு, ‘அ’ ‘ஆ’வை வெல்ல, ‘ஆ’ ‘இ’யை வெல்ல, ‘இ’ ‘அ’வை வென்றுவிட்டால் யார் மேலே போவது என்று ரேக் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். நான்கு அணி குரூப்பில் இது அடிக்கடி நடக்கும்.

எட்டு அணி நாக் அவுட் எளிது. ஏழே மோதல், மூன்று சுற்று, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் மூன்று ரேக் ரேஸ் மிகக் குறுகியது. ரேக்கில் நூற்றுக்கு 60 வெல்லும் ஆட்டக்காரர் மூன்று ரேக் ரேஸை வெல்லும் வாய்ப்பு சுமார் 68 சதவீதம்தான். ரேஸை நான்காக்கினால் 71, ஐந்தாக்கினால் 73. அதாவது ரேஸை நீட்டுவதால் நேரம் கரையும் அளவுக்கு நியாயம் கூடுவதில்லை. அதனால்தான் பலர் டபுள் எலிமினேஷனுக்குப் போகிறார்கள்: ஒரு தோல்வி மன்னிக்கப்படும், இரண்டாவது தோல்வியில் வெளியே.

காகிதத்தில் அருமையான முறை. எட்டு அணிக்கு 14 மோதல். ஒரு முறை தோற்ற அணிகள் தங்களுக்குள் ஆடும் ‘தோற்றவர் பக்க’த்திலிருந்து வந்த அணி இறுதியில் வென்றுவிட்டால் இருவருக்கும் தலா ஒரு தோல்வி ஆகிவிடும், அப்போது இன்னொரு இறுதி, ஆக 15. இதை மேசை நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் வலி தெரியும்.

ஒரு ரேக்குக்குப் பத்து நிமிடம் என்று வையுங்கள். சம பலமுள்ள இருவருக்கு மூன்று ரேக் ரேஸ் சராசரியாக நான்கு ரேக் போகும், அதாவது 40 நிமிடம். ஒரு அணி மோதலுக்கு இரண்டு மேசை கொடுத்தால் ஐந்து தனி ஆட்டங்கள் இரண்டு, இரண்டு, ஒன்று என மூன்று தொகுதி. ஆக, மோதலுக்கு இரண்டு மணி நேரம். நான்கு மேசை உள்ள கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மோதல்தான் நடக்கும். முதல் சுற்றுக்கு இரண்டு வேளை (ஒரு வேளை என்பது இந்த இரண்டு மணி நேரம்). வென்றவர் பக்கத்தின் இரண்டாம் சுற்றும் தோற்றவர் பக்கத்தின் முதல் சுற்றும் சேர்ந்து இரண்டு வேளை. அடுத்த மூன்று மோதல்களுக்கு இன்னொரு இரண்டு வேளை. அதன்பின் ஒவ்வொன்றாகத்தான் ஆட முடியும். ஏனென்றால் முந்தைய முடிவு வராமல் அடுத்ததற்கு ஆள் கிடையாது. மொத்தம் ஒன்பது வேளை, கடைசி இறுதியும் தேவைப்பட்டால் பத்து. 18 முதல் 20 மணி நேரம். கடைசி மூன்று நான்கு வேளைகளில் பாதி மேசைகள் சும்மா கிடக்கும். தோற்காத அணி குறைந்தது நான்கு மணி நேரம் கை ஆறி உட்கார்ந்திருக்கும். தோற்றவர் பக்கத்திலிருந்து ஏறி வரும் அணியோ கடைசி மூன்று மோதல்களை இடைவெளியே இல்லாமல் ஆடும். இருவருமே தங்கள் நல்ல ஆட்டத்தை இறுதிக்குக் கொண்டுவர முடியாது.

நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் தேர்வை முடிவு செய்வது வேறொன்று: 14 வார உழைப்புக்கு பிளேஆஃப் என்ன மதிப்பு தருகிறது? ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமை மதிப்பெண்ணைப் பார்த்துப் பலவீனமானவருக்குச் சலுகை தரும் ஏற்பாடு) ஒழுங்காக வேலை செய்தால் எந்த மோதலும் ஏறக்குறைய 50-50. அப்படியானால் எட்டு அணி நாக் அவுட்டில் முதலிடம் பிடித்த அணிக்குக் கோப்பை வாய்ப்பு 12.5 சதவீதம். எட்டாவது இடத்தில் முடித்த அணிக்கும் அதே 12.5. டபுள் எலிமினேஷனில் மாறுமா? மாறாது. இரண்டாவது வாய்ப்பு எட்டு அணிக்கும் கிடைப்பதால் எல்லோருக்கும் அதே 12.5தான். அவ்வளவு மேசை நேரம் செலவழித்தும் லீக் பட்டியலுக்கு மரியாதை இல்லை.

பேஜ் முறை இரண்டாவது வாய்ப்பை முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும் தருகிறது. முதலிடமும் இரண்டாமிடமும் மோதும்; வென்ற அணி நேரே இறுதிக்கு. மூன்றாமிடமும் நான்காமிடமும் மோதும். தோற்ற அணி வெளியே. முதல் மோதலில் தோற்ற அணியும் இரண்டாவதில் வென்ற அணியும் ஆடி, இறுதியின் இன்னொரு இடத்தை நிரப்பும். 1931-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியன் கால்பந்து லீக்கில் வந்த முறை இது. ஐபிஎல் 2011 முதல் பின்பற்றுவதும் இதையேதான், ஆகவே ஆட்டக்காரர்களுக்கு விளக்கவும் நேரமாகாது. அதே 50-50 கணக்கில் முதல் இரண்டு அணிகளுக்குத் தலா 37.5 சதவீதம், அடுத்த இரண்டுக்கும் தலா 12.5. மொத்தம் நான்கே மோதல். நான்கு மேசையில் மூன்று வேளை, ஆறு மணி நேரம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் சலுகை ஒன்றே. இதைச் சரிக்கட்ட, யார் முதலில் ஆட்டக்காரர் பெயரைச் சொல்வது என்பதைப் பயன்படுத்துங்கள். எதிரணி யாரை அனுப்புகிறது என்று பார்த்துவிட்டுத் தன் ஆளைத் தேர்வது பெரிய லாபம். 1, 3, 5-வது ஆட்டங்களில் பட்டியலில் கீழே உள்ள அணி முதலில் பெயர் சொல்லட்டும். 2, 4-ல் மேலே உள்ள அணி. முதலிடத்துக்கு இன்னும் அதிகம் தர வேண்டும் என்போருக்கு ஏணி முறை இருக்கிறது: நான்காமிடமும் மூன்றாமிடமும் மோதி, வென்றவர் இரண்டாமிடத்தோடும், அதில் வென்றவர் முதலிடத்தோடும் ஆடுவது. பௌலிங் போட்டிகளில் பழக்கமானது. அங்கே முதலிடத்துக்கு 50 சதவீதம். ஆனால் அந்த அணி நான்கு மணி நேரம் காத்திருந்து, கை சூடேறாமல் ஒரே மோதலில் எல்லாவற்றையும் வைத்து ஆட வேண்டும். பூலில் அது எனக்கு ஒப்பவில்லை.

இதைவிடக் கடுமையான குறை, பத்தாவது வாரத்துக்குப் பிறகு கீழே இருக்கும் அணிகள் வராமல் போவது. ஒரு வாக்ஓவர் போதும், எதிரணிக்கு இலவசமாக ரேக்குகள் சேர்ந்து நான்காம் இடமே இடம் மாறிவிடும். இரண்டு ஏற்பாடு உதவும். ஐந்து முதல் எட்டு வரையிலான அணிகளுக்குத் தனியாக ஒரு சின்னக் கோப்பை, நாக் அவுட், மூன்றே மோதல். ஆனால் வாக்ஓவர் கொடுத்த அணிக்கு அதில் இடமில்லை. அடுத்தது, சமநிலை வந்தால் முதலில் நேரடி மோதல் முடிவு, பிறகே ரேக் வித்தியாசம் என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுவது. கடைசி வாரத்தில் எழுதும் விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

எந்த முறையானாலும் ஹேண்டிகேப் மதிப்பெண்ணை பிளேஆஃபுக்கு இரண்டு வாரம் முன்பே, இனி மாறாதபடி நிலையாக்கிவிடுங்கள். கடைசி வாரங்களில் வேண்டுமென்றே தோற்று மதிப்பெண்ணைக் குறைப்பவர்களுக்கு அந்தக் கதவு அடைபடும். லீக்கில் குறைந்தது ஐந்து வாரம் ஆடியவரே பிளேஆஃபில் ஆடலாம் என்பதும் அவசியம். இல்லையென்றால் இறுதியன்று புதுமுகம் ஒருவர் கியூ கோலோடு வந்து நிற்பார். ஓர் அணி மூன்று தனி ஆட்டங்களை வென்றதும் மோதலை முடித்துவிடுங்கள். சம பலம் என்றால் எட்டில் ஐந்து மோதல்கள் நான்காவது ஆட்டத்தோடு முடிந்து, 40 நிமிடம் மிச்சமாகும்.

லீக் பட்டியலே இல்லாத ஒருநாள் தனிநபர் போட்டி என்றால் டபுள் எலிமினேஷனே மேல். அங்கே காப்பாற்ற வேண்டிய சீசன் எதுவும் இல்லை, தூரத்திலிருந்து வந்தவர் ஒரே ரேஸோடு திரும்பக் கூடாது. இரண்டு பிரிவாக நடக்கும் 12 அணி லீக்கில் மட்டும் கொஞ்சம் தயங்குவேன். பிரிவுக்கு இருவர் என எடுத்து, பிரிவு முதல்வர்களை மேல் மோதலில் வைக்கலாம்தான். ஆனால் ஒரு பிரிவு மற்றதைவிடப் பலமாக இருந்தால், அங்கே இரண்டாமிடம் பிடித்த அணி முறையிடுவதில் நியாயம் இருக்கும்.