ஸ்கேலும் மோடும்: தமிழில் ஓர் அறிமுக வகுப்பு

மேற்கத்திய இசையின் ஸ்கேல்களையும் (ஸ்வர வரிசைகள்) மோடுகளையும் (ஒரே வரிசையை வெவ்வேறு ஸ்வரங்களை ஆதாரமாக்கி வாசிக்கும்போது கிடைக்கும் வடிவங்கள்) கீபோர்டு வழியே தமிழில் கற்றுத்தரும் இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். நடத்துவது சென்னையில் உள்ள ஒரு சிறிய பயிற்சி நிலையம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மோடு என்ற பாடத்தை இவர்கள் பெயர்ப் பட்டியலில் தொடங்காமல் காதில் தொடங்குவதே அதற்குக் காரணம்.

சி முதல் சி வரை வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் மேஜர், டி முதல் டி வரை டோரியன், இ முதல் இ வரை ஃபிரிஜியன் என்று ஏழு பெயர்களையும் மனப்பாடம் செய்ய வைப்பதே பல இடங்களில் வழக்கம். மாணவர் வாசித்துப் பார்த்தால் ஏழும் ஒன்றுபோலவே ஒலிக்கும். சி ஆதார ஸ்வரமான ஷட்ஜமாகக் காதில் நிலைத்துவிட்டபின், எங்கிருந்து தொடங்கினாலும் அது மேஜராகவே கேட்கும். இவ்வகுப்பில் இடது கைச் சுண்டுவிரலால் கீழே உள்ள டி-யை அழுத்தி வைத்துக்கொண்டு, வலது கையால் அதே வெள்ளைக் கட்டைகளை டி-யிலிருந்து மெதுவாக வாசிக்கச் சொல்கிறார்கள். இப்போது எஃப் ‘சாதாரண காந்தாரம்’ என்ற மூன்றாம் ஸ்வரமாகவும் பி ‘சதுச்ருதி தைவதம்’ என்ற ஆறாம் ஸ்வரமாகவும் மாறிவிடுவதால், கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கர்நாடக இசையில் நாம் கிரக பேதம் (ஆதார ஸ்வரத்தை மாற்றுதல்) என்பது இதைத்தான்.

அடுத்த பாடம் இதைவிடச் சிறப்பானது. சுருதியை சி-யில் நிறுத்தி, கல்யாணி ராகத்துக்கு இணையான லிடியன் மோடிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டும் ஒரு ஸ்தானம் (கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஒரு கட்டை) இறக்குகிறார்கள். மத்யமம் இறங்கினால் சங்கராபரணம், அடுத்து நிஷாதம் இறங்கினால் அரிகாம்போதி, பின் காந்தாரத்தால் கரகரப்பிரியா, தைவதத்தால் நடபைரவி, ரிஷபத்தால் தோடி என வரிசை நீள்கிறது. கடைசியில் பஞ்சமமும் இறங்கிவிட லோக்ரியன் என்ற மோடு பிறக்கிறது. பஞ்சமம் இல்லாததால் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) அதற்கு இடமில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் செலுத்தலாம்.

குறைகளும் உண்டு. மைனர் ஸ்கேலின் மூன்று வடிவங்களையும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஃபிரிஜியன்தான் தோடி என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது எனக்கு உடன்பாடானதல்ல. ஸ்தானங்கள் ஒன்றே என்றாலும், காந்தாரத்தின் அசைவில்லாமல் தோடி இல்லை, அந்த அசைவு கீபோர்டில் வருவதுமில்லை. தமிழில் நடக்கும் வகுப்பு என்பதால் பழந்தமிழ் இசையின் ஏழு பாலைகளான ஏழ்பெரும்பாலையையும் எதிர்பார்த்தேன். செம்பாலையை அரிகாம்போதி என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அதன் உழையை (மத்யமம்) குரலாகக் (ஷட்ஜமாகக்) கொண்டால் அரும்பாலையாகிய சங்கராபரணமும், இளியை (பஞ்சமம்) குரலாகக் கொண்டால் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியாவும் கிடைக்கும். மோடுகளை விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்கு வேறில்லை.

சேர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பியானோ ஒலியில் அழுத்திய ஸ்வரம் சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும் என்பதால், கீபோர்டை ஆர்கன் ஒலியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லையென்றால், கைப்பேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியை இரண்டு கட்டை சுருதியில் (அதாவது டி-யில்) வைத்துவிட்டு டோரியனை வாசிக்கலாம்.