பெற்றோமக்ஸை சேர்விஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நக்கிள்ஸ் மலைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்குவதாக நண்பர்களோடு திட்டம். எல்லோரும் எல்இடி விளக்கு வாங்கலாம் என்றார்கள். எனக்குத்தான் அப்பாவின் பழைய பெற்றோமக்ஸைக் கொண்டுபோகும் ஆசை. 500 மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று சொல்லப்படும் ஜேர்மன் சாமான். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் எட்டு மணி நேரம் எரியும். ஊரில் கோயில் திருவிழாவும் கலியாண வீடும் பார்த்த விளக்கு, வெள்ளவத்தைக்கு வந்தபின் அலமாரிக்கு மேலேயே கிடந்தது. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில்கூட நாங்கள் அதை இறக்கவில்லை. அப்போது மண்ணெண்ணெய்க்கே வரிசை.

இறக்கிப் பார்த்தால் ஒரே ஒரு கோளாறு: பம்ப் அடித்தால் காற்றுச் சரியாக ஏறவில்லை. புறக்கோட்டையில் அடுப்பும் விளக்கும் திருத்தும் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "தம்பி, உள்ளுக்க முழுக்கக் கரி. ஃபுல் சேர்விஸ் பண்ணித் தாறன், புதுசு மாதிரி வரும்." எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துச் செய்வம்." அந்த இடத்திலேயே விளக்கைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

மூன்று நாள் என்றது பத்து நாளானது. போய்ப் பார்த்தால் விளக்கு தங்கம்போல மின்னுகிறது. துண்டுக் கடதாசியில் 'சேர்விஸ்' என்று ஒரு சொல், பக்கத்தில் 8,500 ரூபாய். கொளுத்திக் காட்டுங்கள் என்றேன். "மண்ணெண்ணெய் இல்ல தம்பி, பயப்படாமக் கொண்டுபோங்க." விளக்குத் திருத்தும் கடையில் மண்ணெண்ணெய் இல்லையாம். அதையும் நம்பிக் காசைக் கொடுத்தேன்.

நல்ல வேளை, காட்டுக்குக் கொண்டுபோக முன் வீட்டுப் பல்கனியில் ஏற்றிப் பார்த்தேன். கை வலிக்க அடித்தும் மூடியில் இருக்கும் அமுக்கமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டவில்லை. ஒருவாறு பற்றியது, ஆனால் மஞ்சள் சுவாலை. வெளிச்சம் தரும் வலைப் பையான மென்டில் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிட்டது. அப்புறம் மண்ணெண்ணெய் மணம். குனிந்து பார்த்தால் மூடியைச் சுற்றி ஈர வளையம், மேலே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. காற்றுத் திருகைத் திறந்து அணைத்துவிட்டேன். கை நடுங்கியது உண்மை.

அந்த வாரம் கொக்குவிலிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அந்தக் காலத்தில் ஊர்க் கோயிலுக்கு விளக்கு ஏற்றுகிறவர் அவர். முதலில் பம்பைக் கழற்றினார். உள்ளே தோல் வொஷர் காய்ந்த அப்பளம்போல விறைத்து, ஓரமெல்லாம் உள்ளே சுருண்டு கிடந்தது. எதைத் திருத்தச் சொன்னேனோ அதைத் தொடவேயில்லை! எண்ணெய் ஆவி வெளியே வரும் நிப்பிளை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். மயிர் கனத்துக்கு இருக்க வேண்டிய துளையில் யாரோ தையல் ஊசியை விட்டுப் பெருப்பித்திருந்தார்கள். எண்ணெய் ஆவி அளவுக்கு மிஞ்சி வந்தால் மஞ்சளாகத்தான் எரியும், கரிதான் கக்கும். மூடிக்குள் இருந்த வொஷர் சைக்கிள் டியூப்பில் வெட்டியது. மண்ணெண்ணெய் பட்டு ஊறிப் பொதபொதவென்று இருந்தது. மின்னிய மின்னலும் வேறொன்றுமில்லை, மேலே இருந்த நிக்கல் பூச்சைச் சுரண்டிப் பித்தளையை வெளியே எடுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அது இனி மாதாமாதம் கறுக்கும்.

"தம்பி, இந்த மூடி அண்ணையின்ர மூடி இல்லையே" என்றார் சித்தப்பா. பயணத்துக்கென்று நண்பர்களுக்கு அனுப்பிய படம் போனில் இருந்தது. பெருப்பித்துப் பார்த்தோம். அப்பாவின் மூடியில் அமுக்கமானியின் கண்ணாடிக்குள்ளே பொடி எழுத்துகள் இருந்தன. இப்போது இருப்பதில் ஒன்றுமில்லை.

படத்தோடு கடைக்குப் போனேன். "பொலிஷ் போட்டதில எழுத்து அழிஞ்சிருக்கும்" என்றார், கண்ணாடிக்குள் இருக்கிற எழுத்து! கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாராம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம்தான். ஆனால் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத துண்டு. நீங்கள் கொடுப்பதானால் மூடி, பம்ப், நிப்பிள் எல்லாவற்றையும் கிட்டவாகப் படம் எடுத்து, செய்யப்போகும் வேலையை விலையோடு எழுதி வாங்குங்கள். எரிய வைத்துக் காட்டாமல் ஒரு சதமும் நீட்டாதீர்கள்.

சித்தப்பா செய்த வைத்தியத்துக்குச் செலவே இல்லை. தோலை விரலால் விரித்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு இரவு ஊறப்போட்டார். காலையில் பத்துத் தரம் அடிக்க முள் ஏறிவிட்டது. நிப்பிளும் மூடி வொஷரும் மட்டும் புதிதாக வாங்கினோம். ஏற்றுவதற்கு முன் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். நிப்பிள் அடைத்தால் ஊசி தேட வேண்டாம், பக்கத்துச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருக்கிற ஊசியே குத்திவிடும்.

நக்கிள்ஸுக்கு இரண்டு விளக்கும் போயின. கூடாரத்துக்குள் எல்இடி, வெளியே பெற்றோமக்ஸ். மூடி மட்டும் இன்னும் வேறு யாருடையதோ.