ஜான் லூயிஸா, ஜூலியன் பாண்டா?

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் ஒரே ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் மார்ட்டின் லூதர் கிங் கூடாது என்று எங்கள் வாசகர் வட்டத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இந்த இருவர். நான் லூயிஸை எடுத்தேன், இப்போதும் அதே கட்சிதான்.

இருவரும் 1940இல் பிறந்தவர்கள், எஸ்.என்.சி.சி. மாணவர் அமைப்பில் கூட்டாளிகள். பாண்டின் அப்பா பல்கலைக்கழகத் தலைவர். லூயிஸ் அலபாமாவில் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை, சிறுவயதில் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்தவர். பேச்சிலும் தோற்றத்திலும் பாண்ட் ஒரு படி மேல்தான். வியட்நாம் போரைக் கண்டித்த அறிக்கையை ஆதரித்ததற்காக 1966 ஜனவரியில் ஜார்ஜியா சட்டமன்றம் 184க்கு 12 என்று வாக்களித்து, உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அவரை உள்ளே விடவில்லை, அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரமாதமான கதை.

ஆனால் எனக்குக் கணக்கு வேறு: வாக்குரிமைப் போராட்டம் என்ற ஒரே வேலையை யார் கடைசிவரை இழுத்தார்? 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களின் வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில், அலபாமாவின் செல்மா நகரப் பாலத்துக்கு லூயிஸ் போனபோது எப்படியும் ஜெயில்தான் என்று பையில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் வைத்திருந்தார். ஜெயிலுக்குப் போகவில்லை, போலீஸ் அடித்ததில் மண்டை ஓடு பிளந்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டே எஸ்.என்.சி.சி.யில் அவர் வகித்த தலைமை பறிபோனது, ஆனாலும் மனுஷன் ஒதுங்கவில்லை, எழுபதுகளில் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியவைக்கும் திட்டத்தை நடத்தினார், அப்புறம் 1987 முதல் 2020இல் இறக்கும்வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தார். அந்த வாக்குரிமைச் சட்டத்தில் இருந்த, தேர்தல் விதிகளை மாற்றச் சில மாநிலங்கள் முன்அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தபோது, 73 வயதில் திரும்பவும் அதே சண்டை.

சரி, 1986ஐச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. காங்கிரஸுக்கான அட்லாண்டா தொகுதியில் இருவரும் மோதிய கட்சி வேட்பாளர் தேர்வின் முதல் சுற்றில் பாண்ட்தான் முன்னிலை. இரண்டாம் சுற்றில் லூயிஸ், போதைப்பொருள் சோதனைக்குத் தயாரா என்று பழைய நண்பரிடமே சவால் விட்டு, சுமார் 52 சதவீதத்தில் ஜெயித்தார். கறுப்பின வாக்குகளில் பெரும்பகுதி பாண்டுக்கு, வெள்ளையர் வாக்குகள்தான் லூயிஸைக் கரைசேர்த்தன. பாண்ட் ஜெயித்திருந்தால் எப்படிப்பட்ட உறுப்பினராக இருந்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 1998 முதல் 2010 வரை என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் தலைவராக அவர் இருந்ததைப் பார்த்தால், மோசமாக இருந்திருக்க மாட்டார் என்றே படுகிறது.