ஓசூரில் டி.எம்.எஸ். சிகிச்சை: இயந்திரத்தின் அருகில் இருப்பவர் யார் என்பதே முக்கியம்

மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத மனச்சோர்வுக்காக, தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்புகளைச் செலுத்தும் டி.எம்.எஸ். சிகிச்சையை என் அக்கா இந்த ஆண்டு ஓசூரில் உள்ள ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் முழுமையாக எடுத்துக்கொண்டார். காவேரிப்பட்டணத்திலிருந்து அவருக்குத் துணையாகச் சென்று வந்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இந்தச் சிகிச்சை வேண்டுமென்றால் பெங்களூரு நிமான்ஸ் வரை போக வேண்டும் என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை தொடர்ந்து செல்ல வேண்டிய சிகிச்சை என்பதால், தூரம் குறைவது சிறிய விஷயமில்லை.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முறை இது. மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் முதன்முதலாக அனுமதி தந்தது. கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் இடது முன்பகுதியில் மேலாக உள்ள நரம்பணுக்களைத் தூண்டுகிறது. மயக்க மருந்து கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது. ஆகவே ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் சிகிச்சையும் இதுவும் வேறு வேறு. எங்கள் உறவினர்கள் இதை நம்புவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. அக்காவுக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. அவருடைய அச்சத்தைப் போக்கியவர், அந்தப் பிரிவில் பணியாற்றும் மனநலச் செவிலியர்தான். சிகிச்சைக்கு முந்தைய நாளே அக்காவை அறைக்குள் அழைத்துச் சென்று, கருவியை வெறுமனே ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்கச் செய்தார். அதன் பிறகே, சுருளைத் தொட்டுப் பார்க்கவும் சொன்னார்.

எவ்வளவு வலிமையில் துடிப்பைச் செலுத்துவது என்பதை மருத்துவர் முதல் நாளில் முடிவு செய்கிறார். கையை அசைக்கும் மூளைப்பகுதியின் மேல் சுருளை வைத்து, கட்டைவிரல் துடிக்கத் தொடங்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். வழக்கமாக அதில் 120 சதவீதமே சிகிச்சைக்கான அளவு. 4 வினாடி துடிப்பு, 26 வினாடி ஓய்வு என்று மாறி மாறி நடந்து, 37 நிமிடத்துக்குச் சற்று மேலாக 3,000 துடிப்புகளில் ஓர் அமர்வு முடியும். 600 துடிப்புகளை மூன்று நிமிடத்தில் முடிக்கும் புதிய முறையும் பலனில் குறைந்ததல்ல என்று 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் அக்காவுக்குப் பழைய நீண்ட முறையைத்தான் பரிந்துரைத்தார்கள். அது நல்லதாகப் போயிற்று என்றே சொல்வேன், ஏனென்றால் அந்த ஓய்வு நேரங்களைச் செவிலியர் வீணாக்கவே இல்லை.

மருத்துவரை நாங்கள் வாரம் ஒரு முறை பார்த்தோம். மற்ற நாட்களிலெல்லாம் அக்காவின் நிலையைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டவர் அந்தச் செவிலியர் மட்டுமே. அமர்வு தொடங்கும் முன் அவர் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரியானவைதான், ஆனாலும் ஒரு நாளும் அவற்றை அவசரப்பட்டுக் கேட்டதில்லை: “அக்கா, ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனீங்க? மாத்திர ஏதாவது மாத்துனாங்களா, விட்டுப் போச்சா? சாப்பிட்டு வந்தீங்களா?” இந்தச் சிகிச்சையில் வலிப்பு வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தூக்கமின்மை, மது, சில மாத்திரைகளைத் திடீரென்று சேர்ப்பது அல்லது நிறுத்துவது ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டிவிடும். வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுபவர்களும் உண்டு. சிப்காட் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து நேராக வந்த ஓர் இளைஞரை, மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, அன்று அமர்வு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். கட்டணம் கட்டியாகிவிட்டது என்று அவர் கோபப்பட்டார். செவிலியர் அந்த அமர்வை வேறு நாளுக்கு மாற்றிக் கொடுத்து, பணி நேரத்துக்கு ஏற்ற ஒரு மாலை நேரத்தையும் ஒதுக்கினார்.

அதன் பிறகு கொண்டை ஊசி, தோடு, மூக்குத்தி, கைபேசி எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் வைப்பார். தலைக்குள் உலோகக் கிளிப்போ, அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்திய செவிக் கருவியோ உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை முதல் நாள் படிவத்தில் எழுதி வாங்கியதோடு அவர் விட்டுவிடவில்லை, வாயாலும் கேட்டு உறுதி செய்துகொண்டார். காதடைப்பானை அவரே சரியாகப் பொருத்திவிட்டார், ஏனென்றால் ஒவ்வொரு துடிப்பும் மேசையில் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலியோடு வருகிறது. முதல் வாரத்தில் அக்காவுக்கு நெற்றியோரம் வலித்தது, இடது கண்ணிமை துடித்தது. உடனே சுருளின் கோணத்தைச் சற்றுத் திருப்பி, மருத்துவரின் ஒப்புதலோடு வலிமையைக் குறைத்துத் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக உரிய அளவுக்குக் கொண்டுவந்தார். தலை அரை அங்குலம் நழுவினாலும் துடிப்பு வேறிடத்தில் விழும் என்பதால், அமர்வு முடியும்வரை அவர் பார்வை அக்காவின் தலையை விட்டு அகலவில்லை.

அந்த 26 வினாடி இடைவெளிகளில் அவர் பேசிய பேச்சைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மறுநாள் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை அக்காவைக் கொண்டே சொல்லவைப்பார்: மாந்தோப்பு வரை நடந்து செல்வது, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசுவது, அவ்வளவுதான். செய்யாமல் வந்தாலும் கடிந்துகொள்ள மாட்டார், அந்த வேலையை இன்னும் சிறிதாக்கிக் கொடுப்பார். மனச்சோர்வில் முடங்கியவரைச் செயலின் வழியாக மீட்பது மனநலச் செவிலியருக்கான பயிற்சியில் உள்ளதுதான். ஆனால் பயிற்சி பெற்ற எல்லோரும் அதை இவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை. தெலுங்கு பேசும் நோயாளிகளிடம் தெலுங்கிலும், கன்னடம் பேசுபவர்களிடம் கன்னடத்திலும் பேசினார். ஓசூரில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். மனச்சோர்வு எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும், ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 படிவத்தை வாரந்தோறும் நிரப்பச் சொல்வார்கள்; மதிப்பெண் கூடினால் சோர்வும் கூடியிருக்கிறது என்று பொருள். அதில் கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அந்தக் கேள்வியை மட்டும் என்னை வெளியே அனுப்பிவிட்டு, செவிலியர் அக்காவிடம் நேரடியாகக் கேட்பார். ஒரு வாரம் பதில் கவலைக்குரியதாக இருந்தபோது, அன்றே மருத்துவரை வரவழைத்தார். தோப்புக்கு வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி, மாலையில் தொலைபேசியில் அழைத்து, செய்தாயிற்றா என்று கேட்டார். எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான அறிவுரை அந்த மருத்துவமனையில் வேறெதுவும் கிடைக்கவில்லை.

இப்போது குறைகள். அந்தச் செவிலியர் விடுப்பில் இருந்த நாட்களில், கருவியை இயக்கத் தெரிந்த ஒரு பணியாளர் அமர்த்தப்பட்டார். அவர் சுருளை வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தி, வெளியே போய்விட்டார். தூக்கத்தைப் பற்றிய கேள்வியும் இல்லை. வலிக்கிறது என்று அக்கா சொன்னபோது, “கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா” என்பதோடு முடிந்தது. அன்று இரவு தலைவலியால் அவர் தூங்கவில்லை, மறுநாள் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஒரு சிகிச்சைப் பிரிவு முழுவதும் ஒரே மனிதரின் தோளில் நிற்பதை நிர்வாகம் உணராதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மாற்றுச் செவிலியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பது, இந்தக் கட்டணம் வாங்கும் இடத்துக்குக் கடினமான செயலல்ல.

ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில் நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும் சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. செவிலியர் தமிழில் விளக்கினார் என்பது உண்மை. ஆனாலும் கையெழுத்துப் போட்ட தாளைப் பிறகு எடுத்துப் படிக்க அக்காவால் முடியவில்லை. எல்லா அமர்வுகளுக்கும் முன்கூட்டியே பணம் கட்டச் சொல்வதையும் மாற்றலாம், பாதியில் நிறுத்த நேரிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

பலனைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரங்களில் மாற்றமே தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டோம். மூன்றாவது வாரத்தில் அக்கா காலையில் தானாக எழுந்து குளித்தார். சிகிச்சை முடியும்போது படிவத்தின் மதிப்பெண் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்திருந்தது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது, பலன் கிடைக்காதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், மாத்திரைகளும் தொடர்கின்றன. சிகிச்சை முடிந்த பிறகு மருத்துவமனையிலிருந்து தொடர் அழைப்பு எதுவும் வரவில்லை. அக்காவே செவிலியரின் பணி நேரம் பார்த்து மருத்துவமனை எண்ணுக்கு அழைத்துப் பேசுகிறார். இரவில் மனம் கலங்கினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவரும் அவரே.

சேர நினைப்பவர்கள், அமர்வு நேரம் முழுவதும் மனநலச் செவிலியர் அறைக்குள் இருப்பாரா, அவர் வராத நாளில் யார் இருப்பார் என்ற இரண்டையும் கேட்டு, பதிலைப் பெற்ற பிறகே பணத்தைக் கட்டுங்கள். சிகிச்சைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்தச் செவிலியருக்கு முழு ஐந்து.