அப்பாவின் தோளுக்கு எடுத்த மூன்று ஸ்கேன்கள்: எது உதவியது, எது உதவவில்லை

அப்பாவுக்கு வயது 71. வலது தோள் ஒன்றரை வருடமாகச் சரியாக எழும்பவில்லை, சட்டை மாட்டவே அம்மா கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., சி.டி. மூன்றும் எடுத்துவிட்டோம். வரிசை மாறிப் போனதால் காசும் கரைந்தது, அப்பாவுக்கு அலைச்சலும் வலியும்தான் மிச்சம். வீட்டில் யாருக்காவது தோள் மூட்டுத் தேய்மானம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதல் எக்ஸ்ரே பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டரில். நேராக நிற்க வைத்து ஒரே ஒரு படம், ரிப்போர்ட்டில் "தேய்மானம் உள்ளது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். இதில் என்ன கோளாறு என்று பிறகுதான் புரிந்தது. தோள்பட்டை எலும்பு முதுகில் சாய்வாகப் படிந்திருப்பதால், ஆளை நேராக நிறுத்தி எடுத்தால் பந்தும் (மேல்கை எலும்பின் உருண்டைத் தலை) கிண்ணமும் (தோள்பட்டை எலும்பில் அது உட்காரும் குழி) ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும். அந்த இடைவெளியே மறைந்துபோன படத்தில் என்ன பார்ப்பது?

அடுத்து நேராக எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். மூன்றிலும் அதிக பில் இதற்குத்தான். அரை மணி நேரம் அசையாமல் படுக்கச் சொன்னால் வலிக்கிற தோளோடு ஒரு மனிதர் எப்படிப் படுப்பார்? அப்பா அசைந்துவிட்டார், பாதிப் படத்தைத் திரும்ப எடுத்தார்கள். தசைநார் கிழியவில்லை என்று தெரிந்தது, அது முக்கியமான தகவல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிண்ணம் எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. வழக்கமான தோள் எம்.ஆர்.ஐ.யில் தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் வரை வராது, அது வராமல் சாய்வை அளக்க முடியாதாம்.

அப்புறம் பார்த்த தோள் மூட்டு சர்ஜன் முதலில் கேட்டது இரண்டு எக்ஸ்ரே! அங்கே இருந்த டெக்னீசியன் "ஐயா, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி முதுகைச் சாய்ச்சு நில்லுங்க" என்று நாற்பது டிகிரி போலத் திருப்பி நிறுத்தி ஒன்று எடுத்தார், கையை மெல்ல விலக்கி அக்குள் வழியாக இன்னொன்று. அந்த அக்குள் படத்தைப் பார்த்ததும் எனக்கே புரிந்தது: பந்து பின்பக்கம் நழுவி, கிண்ணத்தின் பின்பாதியை அரைத்துத் தின்றிருக்கிறது. மிகக் குறைந்த செலவில் கிடைத்த மிகத் தெளிவான பதில் இதுதான். முதல் நாளே இதை எடுத்திருக்கலாம் என்று இன்னும் மனசு ஆறவில்லை.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவான பிறகு சி.டி. எடுத்தோம். அக்குள் எக்ஸ்ரே பின்சாய்வைக் கூட்டிக் காட்டும் என்பதுதான் காரணம். 2003இல் வந்த ஓர் ஆய்வில் சி.டி.யோடு ஒப்பிட்டபோது 100க்கு 86 படங்களில் அப்படிக் காட்டியிருக்கிறது. சி.டி.யிலும் வெட்டுப்படம் சாய்வாக விழுந்தால் அளவு மாறும், அதனால் முப்பரிமாணமாக அடுக்கி, பந்தை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் பார்க்கிறார்கள். பிரான்சின் தோள் சர்ஜன் ழீல் வால்ஷ், கிண்ணம் தேய்ந்த விதத்தைப் பிரித்து 1999இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி அப்பாவுடையது பி2: பழைய பரப்பு முன்னால், புதிதாகத் தேய்ந்த பரப்பு பின்னால், நடுவில் ஒரு மேடு. திரையில் அந்த மேட்டை விரலால் தொட்டுக் காட்டினார் சர்ஜன். செயற்கைக் கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதையெல்லாம் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். தசையில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்தார். கதிர்வீச்சு எக்ஸ்ரேயை விட அதிகம், ஆகவே ஆபரேஷன் யோசனையே இல்லாதவர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம். தசைநாரில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேட்டுப் பாருங்கள், எம்.ஆர்.ஐ.யை விட அது மலிவு.

சி.டி.க்குப் போகும்போது தோள்பட்டை எலும்பு முழுவதும் வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பில் போடும்போதே டிஸ்க்கும் கேளுங்கள். எங்களுக்கு பிலிம் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அதை வைத்து முப்பரிமாணமாக அடுக்க முடியாது என்று சர்ஜன் சொன்ன பிறகு, மறுநாள் டிஸ்க்குக்காகத் திரும்பவும் போய் நின்றேன்.